சர்வதேச இளையோர் விளையாட்டுப் போட்டிக்குத் தன்னார்வலராகப் போகிறீர்களா? தேர்வானதும் டிக்கெட் போடாதீர்கள்

“வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்” என்று மின்னஞ்சல் வந்த அன்றிரவே விமான டிக்கெட் போட்டுவிட்டேன். மறுநாள் காலை, போட்டி நடக்கும் நகரத்தின் நடுவில் பதினேழு நாளுக்கு அறையும் பிடித்தேன். விலை மலிவு, ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பாது. மூன்று மாதம் கழித்துப் பணி ஒதுக்கீடு வந்தது. நான் நிற்க வேண்டிய அரங்கம் அந்த நகரத்திலேயே இல்லை. ரயிலில் மூன்றரை மணி நேரம் தள்ளி ஒரு மலை ஊரில் இருந்தது. அறைப் பணம் மொத்தமும் போயிற்று, டிக்கெட் தேதியை மாற்ற அபராதம் கட்டினேன். விசாவும் இழுத்தடித்தது, அந்தக் கதை கீழே வருகிறது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அதே மின்னஞ்சலின் ஐந்தாவது பத்தியில் “பணியிடம் பின்னர் தெரிவிக்கப்படும்” என்று எழுதியிருந்தார்கள். நான் முதல் வரியைப் படித்த சந்தோஷத்தில் மீதியைப் படிக்கவில்லை. எந்தப் போட்டி என்று இங்கே சொல்லப்போவதில்லை, அதனால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை. இளையோர் ஒலிம்பிக் ஆனாலும் காமன்வெல்த் இளையோர் போட்டி ஆனாலும் இந்த வேலை நகரும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கே விதி மாறினாலும் அந்தந்தப் போட்டியின் தன்னார்வலர் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

1. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கோடைக்கால இளையோர் ஒலிம்பிக்கும் குளிர்கால இளையோர் ஒலிம்பிக்கும் தனித்தனியாக நான்காண்டுக்கு ஒருமுறை வருபவை. குளிர்காலப் போட்டி 2024 ஜனவரியில் தென் கொரியாவின் காங்வோனில் நடந்தது. அடுத்தது 2028 ஜனவரியில் இத்தாலியின் டோலோமிட்டி வால்டெலினா பகுதிக்கு. கோடைக்காலப் போட்டி டாக்கர் 2026, செனகலில், அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை என்று தேதி குறித்தார்கள். காமன்வெல்த் இளையோர் போட்டி 2027இல் மால்டாவுக்குப் போகிறது.

விண்ணப்பக் கதவு நீங்கள் நினைப்பதைவிட முன்பே திறந்து, நினைப்பதைவிட விரைவில் மூடிவிடும். பெரியவர்களுக்கான பாரிஸ் 2024 ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச் 22 அன்று திறந்தது, மே 3 அன்று மூடியது. போட்டிக்குப் பதினாறு மாதம் முன்னால், ஆறே வாரம்! 45,000 இடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இளையோர் போட்டிக்கு இவ்வளவு நெரிசல் இருக்காது என்பது என் அனுபவம். ஆனால் பெரும்பாலான இடங்களை உள்ளூர் இளைஞர்களுக்கே ஒதுக்குவார்கள், வெளிநாட்டவருக்கு மிச்சமிருப்பது கொஞ்சம். ஆகவே படிவத்தைத் திறப்பதற்கு முன் “யார் விண்ணப்பிக்கலாம்” என்ற பக்கத்தைப் படியுங்கள். வயதுக் கணக்கில் ஒரு பொறி உண்டு. பெரும்பாலும் 18 நிறைந்திருக்க வேண்டும். அது விண்ணப்பிக்கும் நாளிலா, போட்டி தொடங்கும் நாளிலா, அந்த ஆண்டின் டிசம்பர் 31லா என்பது போட்டிக்குப் போட்டி மாறும்.

தோராயமான கால அட்டவணை இது. உங்கள் போட்டியின் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

– 16 முதல் 12 மாதம் முன்: விண்ணப்பம்
– 12 முதல் 8 மாதம் முன்: இணையவழி நேர்காணல்
– 8 முதல் 4 மாதம் முன்: பணி ஒதுக்கீடு, உங்கள் சம்மதம்
– 6 முதல் 2 மாதம் முன்: விசா
– கடைசி 2 மாதம்: இணையப் பயிற்சி
– கடைசி வாரம்: சீருடை, அடையாள அட்டை, அரங்கப் பயிற்சி

இதில் கடைசி வரியைப் பலர் கவனிப்பதில்லை. தொடக்க விழா 10ஆம் தேதி என்றால் நீங்கள் 5 அல்லது 6ஆம் தேதியே அங்கே இருக்க வேண்டும். விடுமுறை கேட்கும்போதே அந்த நாட்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

2. ஒரு தாள் எடுத்துச் செலவை எழுதுங்கள்

இது சம்பளமில்லாத வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு நாம் கைக்காசும் போட வேண்டும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. பொதுவாக அவர்கள் தருவது: சீருடை, பணி நேரத்தில் சாப்பாடு, ஊருக்குள் பொதுப் போக்குவரத்துக்கு இலவச அட்டை அல்லது அரங்கத்துக்குப் பேருந்து, பணி நேரத்துக்கு மட்டும் விபத்துக் காப்பீடு, கடைசியில் ஒரு சான்றிதழ். டோக்கியோ 2020இல் நாளுக்கு 1,000 யென் பயணப்படி கொடுத்தார்கள். அதை விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம், அறை, விசா, பயணக் காப்பீடு எல்லாம் நம் கணக்கு. இந்த நான்கையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். எழுத மறப்பவை வேறு: போலீஸ் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும், விசா மையத்துக்கு இரண்டு முறை போய்வரும் செலவு, ஓய்வு நாட்களில் மூன்று வேளைச் சாப்பாடு, அங்கே போனதும் வாங்கும் சிம், குளிர்காலப் போட்டி என்றால் சீருடைக்கு உள்ளே போடும் கம்பளி உடையும் நல்ல பூட்ஸும். விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். என் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அறைக்கே போனது, அதுவும் இரண்டு முறை. தாளில் வரும் கூட்டுத்தொகையோடு இன்னொரு இருபது சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைப் பார்த்து மனசு சுருங்கினால் இப்போதே விட்டுவிடுவது நல்லது. தேர்வான பிறகு விலகினால் இன்னொருவர் இடம் வீணாகும்.

ஒரு எச்சரிக்கை. ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் தன்னார்வலருக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. “பதிவுக் கட்டணம்”, “விசா உத்தரவாதம்”, “தேர்வு உறுதி” என்று வாட்ஸ்அப்பில் யாராவது பணம் கேட்டால் அது மோசடி. போட்டியின் அதிகாரபூர்வத் தளத்துக்கு நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து போங்கள், யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுப் போகாதீர்கள். பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வரும் மின்னஞ்சலுக்கும் இதே எச்சரிக்கைதான்.

3. விண்ணப்பத்தைப் படிவத்தில் நேரடியாக எழுதாதீர்கள்

இருபது நிமிடம் எழுதிக்கொண்டிருந்தேன், பக்கம் தானாக வெளியேறிவிட்டது, எழுதியது எல்லாம் மாயம். ஆகவே முதலில் தனிக் கோப்பில் எழுதி வைத்து, பிறகு ஒட்டுங்கள்.

“ஏன் தன்னார்வலராக விரும்புகிறீர்கள்?” என்ற கேள்விக்கு “எனக்கு விளையாட்டு என்றால் உயிர்” என்று எழுதாதவர் கிடையாது. அது கேள்விக்குப் பதிலே இல்லை. நீங்கள் ரசிகர் என்று மட்டும்தான் அது சொல்கிறது. மழையில் நான்கு மணி நேரம் நின்று வழி காட்டக்கூடியவரா, பதறும் கூட்டத்தைப் பேசி அமைதிப்படுத்தியிருக்கிறீர்களா, சிறுவர்களோடு வேலை செய்த பழக்கம் உண்டா என்பதைத்தான் தேடுகிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் மதிப்பெண் பலகை பார்த்ததோ, ரத்ததான முகாமில் பதிவேடு எழுதியதோ இருந்தால், எத்தனை நாள், எத்தனை பேர், நீங்கள் செய்தது என்ன என்று மூன்று வரி எழுதுங்கள். அது போதும்.

மொழித் திறனில் கூட்டிச் சொல்லாதீர்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒலிம்பிக் இயக்கத்தின் அலுவல் மொழிகள், அதனால் பிரெஞ்சு தெரிந்தவருக்கு எங்கேயும் மதிப்பு அதிகம். செனகலில் அதுவே அரசு மொழியும். ஆனால் ஆறு மாதம் செயலியில் படித்துவிட்டு “சரளம்” என்று போட்டால் நேர்காணலின் இரண்டாவது நிமிடத்தில் வெளுத்துவிடும். தமிழையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு அது ஒரே ஒருமுறை பயன்பட்டது, அதுவும் ஒரு பயிற்சியாளரின் தொலைந்த பெட்டியைத் தேடுவதற்கு.

எந்தெந்தத் தேதிகளில் வர முடியும் என்ற கட்டத்தை விளையாட்டாக நிரப்பாதீர்கள். பணி நேரப் பட்டியல் அதை வைத்துத்தான் போடப்படுகிறது. பத்து நாளாவது முழுசாகத் தர முடியாதவர்களைப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கழித்துவிடுவார்கள்.

4. பெயர், படம், போலீஸ் சான்றிதழ்

முதலில் பெயர். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லாதவர்கள், இனிஷியலோடு வாழ்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஒருவர் அங்கே புள்ளி வைப்பார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டாம் முறை போடுவார். பிறகு அடையாள அட்டையில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். உங்கள் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில், அடியில், அம்புக்குறி போன்ற குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, எல்லையில் இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எங்கும் எழுதுங்கள். கட்டம் இடம் கொடுக்காவிட்டால் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் தரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். விமான டிக்கெட்டிலும் விசாவிலும் காப்பீட்டிலும் அதே பெயர், அதே வரிசை இருக்கட்டும்.

பாஸ்போர்ட் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். போட்டி முடிந்து ஆறு மாதமாவது மிச்சம் இருந்தால் பெரும்பாலான நாடுகளுக்குப் பிரச்சினை இல்லை. குறைவாக இருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். நடுவில் புதுப்பித்தால் எண் மாறும்; பின்னணிச் சோதனைக்குப் போனதும் விசாவுக்குப் போனதும் இரண்டு வெவ்வேறு எண்ணாகிவிடும்.

படம்: வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, கைபேசி வடிகட்டி எதுவும் வேண்டாம். இந்தப் படம்தான் உங்கள் கழுத்தில் இரண்டு வாரம் தொங்கப்போகிறது.

அடுத்தது போலீஸ் சான்றிதழ். வீரர்கள் பெரும்பாலும் 18 வயதுக்குட்பட்டவர்கள் என்பதால் இளையோர் போட்டிகளில் பின்னணிச் சோதனை கறாராக இருக்கும். சில இடங்களில் போட்டி நடத்துபவர்களே நாட்டின் காவல்துறை வழியாகச் சோதித்துக்கொள்வார்கள். சில இடங்களில் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழை நீங்கள் கொண்டுவர வேண்டும். வேறு நாட்டில் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் கேட்கலாம். அங்கிருந்து கிளம்பிவந்த பிறகு அதை வாங்குவது பெரும்பாடு. சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்று அரசு தரும் சான்று) வேண்டுமா, மொழிபெயர்ப்பு வேண்டுமா, எத்தனை மாதத்துக்குள் வாங்கியது செல்லும் என்ற மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ரொம்ப முன்னால் வாங்கினால் பழசாகிவிடும், தாமதித்தால் கைக்கு வராது. நான் ஐந்து மாதம் முன்பு போட்டேன், சரியாக இருந்தது.

5. நேர்காணல்

பயப்பட ஒன்றுமில்லை. இருபது நிமிடம், வீடியோவில். சில இடங்களில் எதிரே ஆளே இருக்க மாட்டார், திரையில் கேள்வி வரும், நீங்கள் பதிவு செய்து அனுப்ப வேண்டும். “ஒரு வீரர் அழுதுகொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார், என்ன செய்வீர்கள்?” என்பது மாதிரி ஒரு கேள்வி நிச்சயம் வரும். “தனியாக அழைத்துப்போய் ஆறுதல் சொல்வேன்” என்பது தவறான பதில். ஏன் என்பது 9ஆம் பகுதியில். நேரம் குறிக்கும்போது அது எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள்.

6. பணி ஒதுக்கீடு: “சம்மதம்” பொத்தானை அழுத்துமுன்

மைதானத்தின் ஓரத்தில் நின்று போட்டி பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் பாதிப் பேருக்கு ஆட்டமே கண்ணில் படாது. வாகன நிறுத்தத்தில் நிற்பவர், அடையாள அட்டை அச்சிடுபவர், சீருடை மையத்தில் அளவு பார்ப்பவர், விமான நிலையத்தில் பலகை பிடிப்பவர் எல்லோரும் தன்னார்வலர்கள்தான்.

எனக்குத் தெரிந்தவரை மிகவும் நிறைவான வேலை, ஒரு நாட்டு அணிக்கு உதவியாளராக இருப்பது. காலை முதல் இரவு வரை அந்த அணியின் பேருந்து, அறை, கூட்டம் என்று ஓடுவீர்கள். ஓய்வு குறைவு, ஆனால் இரண்டு வாரத்தில் ஒரு குடும்பமாகிவிடும். ஊடக மையம் கொஞ்சம் அமைதி. பதக்க விழாவுக்கு ஒத்திகை அதிகம். ஊக்கமருந்துச் சோதனைக்கு வீரரை அழைத்துப்போகும் துணையாள் வேலையைப் பலர் வேண்டாம் என்பார்கள், எனக்கு அது பிடித்திருந்தது. அறிவிப்பைக் கொடுத்த நொடியிலிருந்து சோதனை அறைக்குப் போகும்வரை அந்த வீரர் உங்கள் கண்ணைவிட்டு அகலக் கூடாது. அவர் சிறார் என்பதால் கூடவே அவர் தரப்பில் ஒரு பெரியவரும் வருவார். பேச்சு குறைவு, பொறுப்பு அதிகம். இளையோர் ஒலிம்பிக்கில் வீரர்களுக்குப் போட்டிக்கு வெளியே கல்வி, பண்பாட்டு நிகழ்ச்சிகளும் நடக்கும். பேசப் பிடித்தவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலையைவிட முக்கியம் இடம். லோசான் 2020 குளிர்காலப் போட்டியின் பெயரில் இருந்த ஊர் லோசான். ஆனால் வேகச் சறுக்கு நடந்தது சுவிட்சர்லாந்தின் மறுமூலையான செயின்ட் மோரிட்ஸில், ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். பயத்லானும் (பனிச்சறுக்கோடு துப்பாக்கி சுடும் போட்டி) பனித்தாவலும் எல்லை தாண்டி பிரான்சின் லே துஃப்பில். டாக்கர் 2026க்கும் டாக்கர், டியாம்னியாடியோ, சாலி என்று மூன்று இடங்கள். சாலி தலைநகரிலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளிய கடற்கரை ஊர். பெயரில் உள்ள நகரம் வேறு, நீங்கள் தூங்கி எழ வேண்டிய ஊர் வேறு.

ஆகவே சம்மதம் சொல்லுமுன் எழுத்தில் கேளுங்கள்: எந்த அரங்கம், முதல் பணி நாள் எது, கடைசி நாள் எது, ஒரு ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் (எட்டு முதல் பத்து சகஜம்), அதிகாலை ஷிஃப்ட்டுக்கு வண்டி உண்டா, தொலைவான அரங்கம் என்றால் தங்குமிடம் தருகிறார்களா. கடைசிக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. மலை ஊரில் பணிபுரிந்த சிலருக்குப் பகிர்வு அறை கொடுத்தார்கள் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதற்கு ஒரு படிவம் இருந்திருக்கிறது, கடைசித் தேதி போய்விட்டது.

7. விசா: இங்கேதான் வண்டி நிற்கும்

வீரர்களுக்கும் அணி அதிகாரிகளுக்கும் கொடுக்கும் ஒலிம்பிக் அடையாள அட்டை, பாஸ்போர்ட்டோடு சேர்ந்தால் நாட்டுக்குள் நுழையும் அனுமதியாகிவிடும். அதைக் கேள்விப்பட்டு, நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தன்னார்வலர் தன் விசாவைத் தானே வாங்க வேண்டும். போட்டி நடத்துபவர்கள் தருவது ஓர் உறுதிக் கடிதம், அவ்வளவே. விசா கொடுப்பதா இல்லையா என்பது தூதரகத்தின் முடிவு.

எந்த வகை விசா என்பதுதான் குழப்பம். சம்பளம் வாங்காவிட்டாலும் சில நாடுகள் தொண்டு வேலையையும் வேலையாகவே பார்க்கும். “சுற்றுலா விசாவில் போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்” என்று சொல்லும் நண்பர் உங்களோடு விமான நிலையத்தில் நிற்கப்போவதில்லை. தூதரகத்திடமும் போட்டி அலுவலகத்திடமும் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

என் தவறு இதுதான்: கடிதத்தில் “தன்னார்வலர்” என்று இருந்தது, படிவத்தில் பயண நோக்கம் “சுற்றுலா” என்று நானே குறியிட்டேன். இரண்டும் பொருந்தவில்லை என்று விளக்கம் கேட்டார்கள், பத்து நாள் போனது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் படிவத்தில் பயண நோக்கத்துக்கு விளையாட்டு, பண்பாடு, பிற காரணம் என்றெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. கடிதம் சொல்வதையே படிவமும் சொல்லட்டும்.

ஷெங்கன் விசாவை எடுத்துக்காட்டாக வைத்துக் கணக்குப் போடுவோம், 2028 இத்தாலிக்கு அது தேவைப்படும் நாட்டுக் குடிமக்கள் பலர் இருப்பீர்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுத்தாக வேண்டும். முடிவுக்குப் 15 நாள் என்பது கணக்கு, சிக்கலான விண்ணப்பம் என்றால் 45 நாள் வரை நீளலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ (2024 ஜூனிலிருந்து), விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, நாடு திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். தங்கும் காலம் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் போகக் கூடாது.

2028 ஜனவரி 8 அன்று போகிறீர்கள் என்றால் 2027 ஜூலை 8 முதல் விண்ணப்பிக்கலாம். பணி ஒதுக்கீடும் கடிதமும் அதற்குள் வந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த மறுநாளே சந்திப்பு நேரம் பிடிக்க வேண்டும், ஏனென்றால் டிசம்பர் விடுமுறைக்குப் போகிறவர்கள் அக்டோபர், நவம்பர் நேரங்களை எல்லாம் முன்பே பிடித்திருப்பார்கள். 15 நாள் என்ற கணக்கு நீங்கள் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் தொடங்கும், சந்திப்புக்குக் காத்திருந்த நாட்கள் அதில் சேராது.

கடிதம் கைக்கு வந்ததும் நான்கு விஷயம் சரிபாருங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், பணியின் தொடக்க, முடிவுத் தேதிகள் (பயிற்சி நாட்கள் உட்பட), செலவை யார் ஏற்பது என்ற வரி. நான்காவது இல்லாவிட்டால் உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு முதல் நாள் யாரிடமோ கடன் வாங்கிக் கணக்கில் மொத்தமாகப் போட்டால் அது கண்ணை உறுத்தும். மூன்று மாதம் முன்பிருந்தே சேர்த்து வையுங்கள்.

ஆப்பிரிக்காவிலோ தென் அமெரிக்காவிலோ போட்டி என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியைப் பாருங்கள். நீங்கள் புறப்படும் நாட்டை மட்டும் பார்த்தால் போதாது, நடுவில் விமானம் மாறும் நாட்டையும், திரும்பி வரும்போது உங்கள் நாடு என்ன கேட்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் அந்த ஊசி கிடைக்காது, அங்கீகரித்த மையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

8. அறையும் டிக்கெட்டும், இந்த வரிசையில்

பணி ஒதுக்கீடு வந்ததும் அரங்கத்துக்குப் பக்கத்தில், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை. பிறகு விசா. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த பிறகு விமான டிக்கெட். அதற்கும் பிறகு, விலை குறைந்த அறை கிடைத்தால் மாற்றிக்கொள்வது. விசாவுக்கு டிக்கெட் கேட்பார்களே என்பீர்கள். பெரும்பாலும் முன்பதிவு விவரம் போதும், பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை. அப்படியும் பயம் இருந்தால் தேதி மாற்றக்கூடிய வகையை எடுங்கள்.

காத்திருந்தால் அறை விலை ஏறும் என்பது உண்மைதான், ஏறும். அந்த ஏற்றம் நான் இழந்த பதினேழு நாள் வாடகையைவிடக் குறைவாகவே இருந்தது. மற்ற தன்னார்வலர்களோடு சேர்ந்து வீடு எடுப்பது மலிவு. ஆனால் ஒருவர் அதிகாலை நான்கு மணிக்கு எழுவார், இன்னொருவர் இரவு ஒரு மணிக்கு வருவார், தனியறையாவது கேளுங்கள். வரைபடத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள். காலை ஐந்து மணிக்கு முதல் பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

9. பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், குறிப்பாகச் சிறார் பாதுகாப்பு

இணையப் பயிற்சியை முடிக்காதவருக்கு அட்டை கிடைக்காது. சீருடை அளவு, தீ விபத்து, வழிகாட்டல் என்று பல பாடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். சிறார் பாதுகாப்புப் பாடத்தை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். பெரியவர்கள் போட்டியில் பழகிய தன்னார்வலர்களே இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள், தோற்றால் அழுவார்கள், ஜெயித்தால் கட்டிப்பிடிக்க வருவார்கள். நமக்கு அக்கா, அண்ணன் மாதிரி ஆகிவிடத் தோன்றும். கதவு மூடிய அறையில் தனியாக ஒரு வீரரோடு இருக்கக் கூடாது. தொலைபேசி எண்ணோ சமூக ஊடகக் கணக்கோ பரிமாறிக்கொள்ளக் கூடாது, பிள்ளையே கேட்டாலும். அனுமதியில்லாமல் படம் எடுக்கக் கூடாது, எடுத்ததை உங்கள் பக்கத்தில் போடவே கூடாது. அழும் பிள்ளையைக் கண்டால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் பக்கத்தில் இருங்கள், அணியைச் சேர்ந்த பெரியவரை வரவழையுங்கள். ஒரு பிள்ளை உங்களிடம் பயிற்சியாளரைப் பற்றியோ வேறு யாரையும் பற்றியோ ஏதாவது சொல்லத் தொடங்கினால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேளுங்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்து அன்றே சிறார் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள். அவர் பெயரும் எண்ணும் பயிற்சியிலேயே தருவார்கள். முதல் நாளே கைபேசியில் பதிந்துவையுங்கள்.

10. அங்கே போன பிறகு

விமானம் இறங்கிய மறுநாள் அட்டை, சீருடை மையத்துக்குக் காலையிலேயே போங்கள். மத்தியானம் போனால் உங்கள் அளவு தீர்ந்திருக்கும். மேல்சட்டையை உள்ளே கம்பளிச் சட்டையோடு போட்டுப்பார்த்து வாங்குங்கள். காலணி தராவிட்டால் நடந்து பழகிய பழைய காலணியே தெய்வம், புதிது வாங்கிப் போகாதீர்கள்.

அட்டையில் எழுத்தும் எண்ணுமாகச் சில குறியீடுகள் இருக்கும். எந்த அரங்கம், எந்தப் பகுதி வரை நீங்கள் போகலாம் என்பது அதில்தான் இருக்கிறது. உங்கள் பகுதி இல்லாத கதவில் சிரித்துப் பேசி நுழையப் பார்க்காதீர்கள், அட்டையைப் பறித்துவிடுவார்கள். அட்டையைப் படம் பிடித்து சமூக ஊடகத்தில் போடுவதும் கூடாது, அதிலுள்ள பட்டைக்குறியை நகலெடுக்க முடியும். தொலைந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

பையில் எப்போதும்: தண்ணீர்க் குப்பி, சார்ஜர், ஒரு ஜோடிக் காலுறை, பாஸ்போர்ட் நகல் (அசல் அறையில்), கொஞ்சம் கொறிக்க ஏதாவது. சாப்பாட்டு நேரம் உங்கள் பசிக்கு ஏற்ப வராது. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் அதைப் படிவத்தில் முன்பே குறித்திருந்தாலும் முதல் நாள் சமையலறையில் ஒருமுறை நேரில் சொல்லுங்கள். ஊரிலிருந்து சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னச் சின்ன பின்கள் வாங்கிப்போங்கள். ஒலிம்பிக் வட்டாரத்தில் பின் மாற்றிக்கொள்வது பெரிய பொழுதுபோக்கு, கூச்சத்தை உடைக்க அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதுவும் ஷிஃப்ட் முடிந்த பிறகு.

உடம்பு முடியவில்லை என்றால் சொல்லாமல் வராமல் இருக்காதீர்கள், குழுத் தலைவருக்குக் குறுஞ்செய்தி போதும். ஆறாவது, ஏழாவது நாள் எல்லோருக்கும் ஒரு சோர்வு வரும். அந்த நாளை ஓய்வு நாளாக முன்கூட்டியே கேட்டு வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. சான்றிதழில் பெயர் சரியா என்று பாருங்கள். போட்டி முடிந்த சில வாரத்தில் அந்த அலுவலகமே கலைந்துவிடும், பிறகு திருத்திக் கொடுக்க ஆள் இருக்காது. உங்கள் தன்னார்வலர் கணக்கிலுள்ள பணி நேரப் பட்டியலையும் கடிதங்களையும் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள், அந்தத் தளமும் மூடப்படும். அடுத்த போட்டிக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை ஷிஃப்ட், எந்த அரங்கம் என்று கேட்பார்கள். என்னிடம் அப்போது இருந்தது சீருடைத் தொப்பி மட்டும்தான்.